வீட்டு ஸ்பீக்கரில் எவ்வளவு நிஜம் போதும்?

அனகாபுத்தூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு முன்னறை. டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், மேலே ஒரு ஃபேன். தாத்தாவுக்குக் கர்நாடக சங்கீதம், அப்பா அம்மாவுக்கு இளையராஜா, பிள்ளைகளுக்கு ரஹ்மானும் அனிருத்தும். தீபாவளி போனஸ் வந்திருக்கிறது. இந்தத் தடவை நல்ல ஆடியோ செட் ஒன்று வாங்கிவிடுவது என்று குடும்பம் கூடி முடிவெடுக்கிறது. கடைக்குப் போனால் விற்பவர் சொல்வார்: "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க சார், நேர்ல உக்காந்து கேக்கற மாதிரியே இருக்கும்."

வேடிக்கை என்னவென்றால் ஐயாயிரம் ரூபாய் செட்டுக்கும் இதே வாக்கியம்தான், ஐந்து லட்சம் ரூபாய் செட்டுக்கும் இதே வாக்கியம்தான். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். அல்லது இரண்டுமே பொய்யாக இருக்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. வீட்டில் கேட்கிற பாட்டு நேரில் கேட்பது போலத்தான் இருக்க வேண்டுமா? அப்படி இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், வீட்டுக்குள் 'போதும்' என்கிற ஓர் எல்லை இருப்பது தெரியும். பலரும் நினைப்பதைவிட மலிவான எல்லை அது. நிஜத்தை விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் வேறு எங்கோ இருக்கிறது. அங்கேதான் எல்லோரும் தாராளமாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த 'நேர்'?

நேரில் கேட்பது என்றால் என்ன? முதலில் சபா கச்சேரியை எடுத்துக்கொள்வோம். பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்றோ இரண்டோ. எல்லாம் மிக்சருக்குப் போய், ஆம்ப்ளிஃபையர் வழியாக, மேடையின் இரு பக்கமும் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களில் வெளியே வருகிறது. பதினைந்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது பாடகரின் தொண்டையை அல்ல, ஸ்பீக்கரைத்தான். தம்பூராவும் பல மேடைகளில் எலக்ட்ரானிக் பெட்டியாகவோ செல்போன் செயலியாகவோ மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆக, வீட்டு ஸ்பீக்கரைச் சபாவோடு ஒப்பிடுவது என்பது ஒரு ஸ்பீக்கரை இன்னொரு ஸ்பீக்கரோடு ஒப்பிடுவதுதான்.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1930களில் மைக் மெல்ல மெல்லக் கச்சேரி மேடைக்கு வந்தது. அதற்கு முன்பு கடைசி வரிசைக்கும் எட்டும்படி உயர்ந்த சுருதியில், முழுக்குரலில் பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு சுருதி இறங்கியது, குரல் மென்மையானது, முணுமுணுப்பாகப் பாடும் ஒரு சங்கதிகூடக் கடைசி வரிசைக்குப் போனது. பாடும் விதத்தையே மாற்றிவிட்டது மைக். இன்று 'நேர்' என்று எதைச் சொல்கிறார்களோ அதுவே பாதி மின்சாரம்.

வீணையைப் பாருங்கள். சத்தம் குறைந்த வாத்தியம் அது. ஒரு கூடத்தில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கு ஏற்றது. பெரிய அரங்கத்தில் அதைக் கேட்க வேண்டுமென்றால் வாத்தியத்தின் மேலேயே ஒட்டும் மைக்கோ பிக்கப்போ வேண்டும். அப்போது வரும் ஒலியில் நரம்பு இருக்கும், பலாமரக் குடத்தின் ஒலி பாதிதான் இருக்கும். ஆனால் நல்ல ஒலிப்பதிவு ஒன்றை, சுமாரான ஒரு ஜோடி ஸ்பீக்கரில், வீட்டு முன்னறையில் கேட்டால்? வீணை தன் சொந்த அளவில், தனக்குப் பழகிய ஓர் அறையில் ஒலிக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வீடு சபாவைத் தோற்கடித்துவிடுகிறது.

நாதஸ்வரம் இதற்கு நேர் எதிர். தெருவில், ரத வீதியில், திறந்த வெளியில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் வாசிக்கப் பிறந்த வாத்தியம். தவிலோடு சேர்ந்து பக்கத்தில் நின்று கேட்டால் காது அடைத்துக்கொள்ளும். அதைப் 'நேரில் கேட்பது போலவே' பத்தடி அறைக்குள் கொண்டுவர முடியுமா? முடிந்தால் மூன்றாவது வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். நாதஸ்வரத்தின் நிஜத்தில் பாதி அதன் சத்தம், மீதிப் பாதி அது வந்து சேரும் தூரம். இரண்டும் வீட்டுக்குள் நுழையாது.

சினிமாப் பாட்டோ இன்னும் சிக்கல். 1992-ல் 'ரோஜா' வந்ததற்குப் பிறகு கணினியும் பல தட ஒலிப்பதிவும் தமிழ்த் திரையிசையின் வழக்கமாகவே ஆகிவிட்டன. பாடகர் ஒரு நாள் பாடுகிறார், புல்லாங்குழல் வேறொரு நாள், கோரஸ் வேறொரு ஊர், தாளம் கீபோர்டிலிருந்து. இவர்கள் எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை. நடக்காத கச்சேரிக்கு எப்படி 'நேர்' இருக்கும்? அந்தப் பாட்டின் ஒரே மூலம், கலவை செய்த அறையில் இருந்த ஸ்பீக்கர்தான். அதாவது, அந்தப் பாட்டு பிறந்ததே ஸ்பீக்கரில்.

நூறு வருடமாக இதே வாக்கியம்

விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சொல்வது நூறு வருடப் பழைய வாக்கியம். அமெரிக்காவில் 1915 முதல் 1925 வரை எடிசன் கம்பெனி ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் எடிசனின் இசைத்தட்டுப் பெட்டி. பாடகி பாடுவார், நிறுத்துவார், பெட்டி தொடரும். சில நேரம் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் பாடுவது பாடகியா பெட்டியா என்று தெரியாமல் கூட்டம் திகைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெட்டியில் மைக்கும் கிடையாது, மின்சார ஆம்ப்ளிஃபையரும் கிடையாது. இன்றைய மலிவான செல்போன் ஸ்பீக்கரில் ஒலிக்கும் மேல் ஸ்வரங்கள் பலவும் அதில் ஒலிக்காது. பிறகு எப்படி ஏமாந்தார்கள்? பாடகிகளே தங்கள் குரலைக் கொஞ்சம் அடக்கி, பெட்டி பாடுவது போலப் பாடினார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. மெஷின் மனிதரைப் போலப் பாடவில்லை. மனிதர் மெஷினைப் போலப் பாடினார்!

அதற்குப் பிறகும் இந்த விளையாட்டு நிற்கவில்லை. 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸ், நேரடி வாசிப்பையும் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு அரங்கம் நிறைந்த கூட்டத்துக்குக் காட்டினார். 1950களின் கடைசியிலும் 60களிலும் அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி, நால்வர் தந்தி வாத்தியக் குழு ஒன்றை மேடையேற்றி இதையே செய்தது. வாசித்துக்கொண்டே இருப்பவர்கள் நடுவில் வில்லைச் சும்மா அசைப்பார்கள், ஸ்பீக்கர் வாசிக்கும். பலருக்கு மாறிய இடம் தெரியவில்லை.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் பெட்டியைப் பார்த்து "இதுதான் அப்படியே நிஜம்" என்று சொல்லியிருக்கிறது. அடுத்த தலைமுறை அதே பெட்டியைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. காது, எதிர்பார்ப்புக்குத் தக்கபடி மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது என்பதுதான் இதிலிருந்து தெரிவது.

வெளிநாட்டுக் கதை எதற்கு? அனகாபுத்தூரே சாட்சி சொல்லும். ஒரு காலத்தில் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய நெசவாளர் ஊர் இது. பின்னாளில் வாழைநார், சணல் என்று இயற்கை நாரில் சேலை நெய்து பேர் வாங்கியது. தறி ஓடும் வீட்டில் ரேடியோ ஓடாமல் இருக்குமா? மத்திய அலையில் வரும் பாட்டில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. அதற்கு மேல் தறியின் 'டடக் டடக்'. இலங்கை வானொலி என்றால் நடுநடுவே அலை வேறு வந்து போகும். இத்தனைக்கும் நடுவில் டி.எம்.எஸ். குரலுக்கும் பி.பி.ஸ்ரீநிவாஸ் குரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனவர் உண்டா? பி.சுசீலாவின் ஒரு சங்கதியாவது தப்பிப் போனதா? தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குப் பாட்டு மனப்பாடம் ஆனதே அந்தக் கரகர ரேடியோவில்தான்.

78 ஆர்.பி.எம். இசைத்தட்டும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) தெருவில் நின்று மணிக்கணக்கில் விரித்த தோடியை அந்த மூன்றரை நிமிடத்துக்குள் அடைத்தார்கள். மோனோ, உராயும் சத்தம், பாதி ஸ்வரம் மங்கல். ஆனாலும் அவரை நேரில் கேட்டே இராத தலைமுறைகள் அந்தத் தட்டைக் கேட்டு இன்றும் உருகுகின்றன. 'நேரில் கேட்பது போல' அது இல்லவே இல்லை. ஆனால் ராஜரத்தினம் பிள்ளை இருக்கிறார்.

முன்னறையின் கணக்கு

இனி அந்த முன்னறைக்குத் திரும்புவோம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த இந்த ஊர், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மேற்கே இருக்கிறது. பெரிய ஓடுபாதையின் மேற்கு முனை பார்ப்பது இந்தத் திசையைத்தான். ஆலாபனை மெல்ல இறங்கி மந்திர ஸ்தாயியில் நிற்கும் அந்தச் சரியான நொடியில்தான் ஒரு ஏர்பஸ் தலைக்கு மேலே போகும்!

விமானத்தை விடுங்கள். ஃபேன் ஓடும் ஒரு சாதாரண அறையில், தெருச் சத்தமும் சேர்ந்து, எப்போதும் ஏறத்தாழ 45, 50 டெசிபல் இருக்கும். அதற்குக் கீழே ஸ்பீக்கர் என்ன வாசித்தாலும் அது ஃபேனுக்குள் கரைந்துவிடும். மேலே 90 டெசிபலைத் தாண்டினால் வீட்டில் உள்ளவர்களே எழுந்து வந்து குறைக்கச் சொல்வார்கள். ஆக, கையில் இருப்பது மொத்தம் 40 டெசிபல் இடைவெளி. சாதாரண சி.டி.யிலேயே 96 டெசிபல் இடைவெளிக்கு இடமுண்டு. '24 பிட்' என்று கூடுதல் விலைக்கு விற்கும் பதிவில் கணக்குப்படி 144. நாற்பது லிட்டர் குடத்துக்கு 96 லிட்டர் தண்ணீரே அதிகம். 144 லிட்டர் வாங்கி என்ன செய்வது?

வாட்ஸ் கதையும் இதே மாதிரிதான். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் பெட்டிகளின் மேல் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எப்படி அளப்பது என்று ஒழுங்கான விதியே இல்லாத எண் அது. உண்மையில் ஒரு சராசரி ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபலுக்கு மேலேயே ஒலிக்கும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலான நேரம் ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டுக்கும் குறைவு. பத்து டெசிபல் ஏற்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும், இருபது டெசிபலுக்கு நூறு மடங்கு. காதுக்கோ, பத்து டெசிபல் ஏறினால் சத்தம் இரண்டு மடங்கு ஆனது போலத்தான் தோன்றும். அந்தக் கடைசி இரண்டு மடங்குக்காகத்தான் பணம் தண்ணீராய்ப் போகிறது.

அப்படிப் போட்டுக் கேட்கவாவது முடியுமா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். இந்த வரம்பைச் சட்டம் எழுதியதற்காக மதிக்க வேண்டாம், அந்தப் பிள்ளைக்காக மதிக்கலாம்.

அடுத்து அறையின் அளவு. 30 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஓர் ஒலி அலையின் நீளம் 11 மீட்டருக்கு மேல். பத்தடி, பன்னிரண்டடி அறையில் அந்த அலை நிம்மதியாகக் காலை நீட்டக்கூட முடியாது. இந்த அளவுள்ள அறை 47, 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே 'கும்'மென்று முழங்கும். அதனால்தான் கடையில் இனிமையாக ஒலித்த சப்வூஃபர் வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பாட்டையும் ஒரே 'தும் தும்' ஆக்குகிறது. வாங்கியவர் செட் சரியில்லை என்று நினைத்து அதைவிடப் பெரிய சப்வூஃபர் வாங்குகிறார். கோளாறு பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒலிப்பதிவில் ஏற்கெனவே ஒரு அரங்கத்தின் எதிரொலி சேர்ந்திருக்கிறது. வீட்டில் போட்டதும் டைல்ஸ் தரையின் எதிரொலி அதற்கு மேல் ஏறுகிறது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் இரண்டாவது எதிரொலியை ஸ்பீக்கர் கழித்துத் தராது. தரையில் ஒரு கனமான ஜமக்காளம், ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி, கட்டிலில் இலவம் பஞ்சு மெத்தை, ஜன்னலில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை இருந்தால் அது ஓரளவு அடங்கும். தடித்த துணிக்கு நெசவாளர் ஊரில் பஞ்சமா?

எதை விடக் கூடாது?

அப்படியானால் எந்தப் பெட்டியும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அர்த்தமா? இல்லை. நிஜம் என்பதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஒன்று அளவின் நிஜம்: சத்தம், அதிர்வு, அரங்கத்தின் பிரம்மாண்டம். இன்னொன்று தன்மையின் நிஜம்: இது இன்னாருடைய குரல், இது வயலின், இது கண்டம் ஒட்டிய குரல், இது மூச்சு வாங்கும் இடம் என்று தெரிவது. முதலாவது வீட்டுக்குள் வராது, வரவும் வேண்டாம். இரண்டாவது வந்தே ஆக வேண்டும். அதில் சமரசம் கூடாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட ஒரு பெட்டி உண்டு. 1970களில் பிபிசி வானொலி, வெளியிட ஒலிபரப்பு வேன்களின் இடுக்கான அறைக்காக எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஒரு அடி. ஆழமான பேஸ் கிடையாது, பெரிய சத்தமும் தாங்காது. ஆனால் மனிதக் குரலை மனிதக் குரலாகவே காட்டியது. வேனுக்குள் பேஸுக்கு இடமில்லை, எனவே அதை விட்டுவிட்டுக் குரலைக் காப்பாற்றினார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தச் சின்னப் பெட்டிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். அனகாபுத்தூர் முன்னறைக்கும் அந்த வேனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

செட் வாங்கப் போகிறவர்கள் கடையில் டமால் டுமீல் படக்காட்சியைப் போட்டுக் கேட்க வேண்டாம். நாலே நாலு சோதனை போதும்.

ஒன்று, நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரின் பேச்சை ஒலிக்கவிடுங்கள். செய்தி வாசிப்பாகவோ வீட்டாரின் குரல் பதிவாகவோ இருக்கலாம். அவர் பானைக்குள்ளிருந்தும் பேசக் கூடாது, மூக்கால் பேசுவது போலவும் இருக்கக் கூடாது.

இரண்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து ஒரு பாட்டைக் கேளுங்கள். வார்த்தை புரிகிறதா? சத்தமாக வைத்தால் எந்தப் பெட்டியும் நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும். மெதுவாக வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மூன்று, ஒரு தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொப்பி 'தொம்' என்று வந்து உடனே நிற்க வேண்டும், அறை முழுக்கப் பரவி அடுத்த சொல்லை விழுங்கக் கூடாது. பின்னால் ஓடும் தம்பூரா வெறும் இரைச்சலாக இல்லாமல் சுருதியாகக் கேட்க வேண்டும்.

நான்கு, முக்கால் மணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. காது வலித்தால், எழுந்து போகலாம் என்று தோன்றினால், அந்தப் பெட்டி வேண்டாம். பளபளவென்று மேல் ஸ்வரங்களைத் தூக்கிக் காட்டும் பெட்டிகள் ஐந்து நிமிடம் அசத்தும், அரை மணியில் களைப்பாக்கும்.

இந்த நாலும் தேறும் பெட்டி ஐந்து லட்சத்தில்தான் கிடைக்கும் என்பதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பீக்கர்களைக் கிளறிப் பார்க்கும் பொறுமைசாலிகளுக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆம்ப்ளிஃபையர் போர்டு வாங்கித் தாங்களே பெட்டி கட்டும் மாணவர்களுக்கும் இது தெரியும். மூலையில் இடித்து வைத்த ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி முன்னால் தள்ளி, காது மட்டத்துக்கு உயர்த்தி வைப்பதற்குக் காசே கிடையாது. அதில் வரும் வித்தியாசம் பல ஆயிரம் பெறும்.

மறுப்பு ஒன்று

ஆடியோ ஆர்வலர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். "பழகாத காதுக்குப் போதும் என்று தோன்றும். உயர்ந்த செட்டில் ஒரு முறை கேட்டால், அதுவரை கேட்காத நுட்பம் எல்லாம் கேட்கும். அதற்குப் பிறகு 'போதும்' என்று சொல்ல மனம் வராது." இதில் உண்மை இருக்கிறது. நல்ல செட்டில் தம்பூராவின் மேல் ஸ்வரங்கள் விரிவதும், வயலின் வில் நரம்பைத் தொடும் அந்தக் கணமும் அழகுதான். கையில் காசும், தனியறையும், அமைதியான தெருவும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. யாருக்கும் அதில் நஷ்டமில்லை.

ஆனால் அந்த நுட்பம் கூடக்கூட அது 'நேரில்' கேட்பதை நெருங்குகிறது என்பதுதான் சரியில்லை. 2020 மார்கழியை நினைத்துப் பாருங்கள். கொரோனா காரணமாக மியூசிக் அகாடமி உட்பட சென்னையின் சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் நடத்தின. ஒரு சீசன் முழுக்க வீட்டு ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் வந்துவிட்டது. மேடைக்கு அருகில் வைத்த மைக்கில் பதிந்த ஒலி, பல அரங்கங்களின் பின்வரிசையில் கேட்பதைவிடத் தெளிவு. டிக்கெட் வேண்டாம், டிராஃபிக் வேண்டாம், பக்கத்து இருக்கைக்காரரின் இருமல் இல்லை. ஒலியின் தரம் மட்டுமே விஷயம் என்றால், ரசிகர்கள் அப்படியே வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். அரங்கம் திறந்ததும் ஏன் திரும்பிப் போனார்கள்?

அரங்கத்தில் கிடைப்பதில் ஒலி ஒரு பங்குதான். தன் எதிரில் ஒருவர் தலையாட்டுவதைப் பார்த்துப் பாடகர் இன்னும் ஒரு ஆவர்த்தனம் நிரவல் செய்கிறார். வயலின்காரர் சட்டென்று ஒரு பிடியைத் திருப்பிக் கொடுக்கும்போது இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள். தவறு நேரலாம், நேர்ந்தால் எல்லோர் முன்னிலையிலும் நேரும் என்கிற அந்தத் துணிச்சல் இருக்கிறது. இவை எதுவும் டெசிபலிலும் ஹெர்ட்ஸிலும் இல்லை. எனவே எந்தப் பெட்டியிலும் வராது. வராத ஒன்றுக்காகக் கடன் வாங்குவானேன்?

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம்

இங்கேதான் விஷயம் கொஞ்சம் கசப்பாகிறது. வீட்டில் 'இது போதுமான நிஜம் இல்லை' என்று லட்சம் லட்சமாகச் செலவழிக்கும் அதே சமூகம், வெளியில் எதை 'இது போதும்' என்று ஏற்றுக்கொள்கிறது தெரியுமா?

தமிழ்நாட்டின் சின்னக் கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்தில் ஒரு சுவிட்ச் போடுகிறார்கள். மோட்டார் ஒன்று முரசையும் மணியையும் சேர்த்து அடிக்கிறது. ஒரே வேகம், ஒரே அடி, தினமும். தவில்காரர் நின்ற இடத்தில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. கல்யாண மண்டபங்கள் சிலவற்றில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் பென் டிரைவிலிருந்து வருகிறது. மேளக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டதாக ஒரு திருப்தி. அதே கல்யாணத்தில் டி.ஜே.வுக்கும் எல்.இ.டி. திரைக்கும் கணக்குப் பார்ப்பதில்லை.

கெட்டிமேளம் என்பது ஒரு பாட்டு அல்ல. ஒருவர் கையை உயர்த்திச் சைகை காட்ட, இன்னொருவர் அதைப் பார்த்து அந்த நொடியில் வாசிக்கும் செயல் அது. மாப்பிள்ளையின் கை நடுங்கித் தாலி முடிச்சு ஒரு நிமிடம் தாமதமானால் தவிலும் ஒரு நிமிடம் கூட ஒலிக்கும். பென் டிரைவ் யாருடைய கையைப் பார்க்கும்? இந்த இடத்தில் எவ்வளவு உயர்ந்த ஸ்பீக்கர் வைத்தாலும் நிஜம் போதாது. ஏனென்றால் இங்கே குறைவது ஒலி அல்ல, ஆள்.

ஆளுக்கு வேலை இல்லாமல் போனால் அடுத்த ஆள் வரமாட்டார். நாதஸ்வரம் பத்து வருடம் மூச்சைப் பழக்கிக் கற்க வேண்டிய வித்தை. வாசிக்க இடமில்லாத வித்தையை எந்த வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்? வாசிப்பவர் குறைந்தால், நாளைக்கு அந்த ஐந்து லட்ச ரூபாய் செட்டில் போடுவதற்குப் புதிய பதிவும் இருக்காது. பழைய தட்டையே துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆக, அந்த அனகாபுத்தூர் குடும்பத்துக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தாத்தாவுக்குக் குரல் தெளிவாகவும், நடுவில் இருப்பவர்களுக்கு வயலின் கூட்டம் குழையாமலும், பிள்ளைகளுக்குத் தாளம் நறுக்கென்றும் கேட்டால் அந்தப் பெட்டி போதும். சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், ஜமக்காளத்தை விரியுங்கள், விமானம் போகும்வரை கொஞ்சம் பொறுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். மார்கழியில் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர் சபாக்கள் பக்கம்தான். மத்தியானக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. வீட்டில் கல்யாணம் வந்தால் மேளத்துக்கு முன்பணம் கொடுங்கள், பேரம் பேசாமல்.

வீட்டு ஸ்பீக்கர் ஒரு நல்ல புகைப்படம் போல இருந்தால் போதும். முகம் தெரிய வேண்டும், ஆளை நினைக்க வைக்க வேண்டும். சட்டத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் புகைப்படம் எழுந்து வந்து பேசப்போவதில்லை. பேசுகிற ஆள் இன்னும் தெருக்கோடியில் இருக்கிறார், தவிலை இறக்கி வைத்துவிட்டு யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு.